திரையில் மூன்றாவது ஆள்

பனி வாரும் வண்டி எங்கே திரும்புகிறதோ, குளிர்காலத்தில் எங்கள் மலைச்சாலைக்கு அதுதான் முடிவு. அதற்கு மேல் கணவாய் மே மாதம் வரை பூட்டு. அந்த இடத்தில் பழைய சுங்கச்சாவடி ஒன்று நிற்கிறது. ஜன்னல்களில் பலகை அறைந்து, கூரையில் ஆளுயரப் பனியைச் சுமந்துகொண்டு, இருபது வருடமாக யாருக்கும் வேண்டாத கட்டடம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, அதன் முன்னால் வேனை நிறுத்தினோம்.

நாங்கள் மூன்று பேர். நான் பூர்கி. கீழே பள்ளத்தாக்கில் கம்பிவட லிஃப்ட்டுகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. என் கணவன் செவெரின். அவனுடைய தம்பி கோர்பினியன், எங்களுக்குக் கோர்பி. இருபத்தாறு வயதாகியும் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பேசுகிறவன்.

வேன் எங்கள் யாருடையதும் அல்ல. என் அண்ணன் ஸேனோவுடையது. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, டீசல் கணப்பு எல்லாம் அவனே பொருத்தினான். தச்சன் அவன். ஊருக்கெல்லாம் கதவு செய்தவனுக்குத் தன் வண்டி அலமாரிக் கதவு ஒன்றைக்கூட ஒழுங்காக மூடவைக்க முடியவில்லை. வளைவுகளில் எல்லாம் அவை தாமாகத் திறந்து திறந்து அடித்துக்கொள்ளும்.

ஸேனோ அதற்கு முந்தின ஜனவரியில் இங்கேதான் செத்தான். எங்களுக்கு எதிரே இருக்கும் பாதிரி மேட்டில், பனிச்சரிவில். கூடப் போனது செவெரின் மட்டும். உடல் ஜூன் மாதம் பனி உருகிய பிறகுதான் கிடைத்தது. வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருந்தன. பனிச்சரிவு முறித்தது என்று டாக்டர் எழுதினார். மார்பில் கட்டியிருந்த பீப்பர் அணைந்த நிலையில் இருந்தது.

பீப்பர் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மலையேற மாட்டார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி. நாள் முழுக்க அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். எத்தனை ஆள், எத்தனை மீட்டரில் என்று திரை காட்டும். தேடும்போது அது அனுப்பாது. அதனால்தான் மலை மீட்புக் குழுவில் முப்பது வருடம் இருந்த என் அப்பா சின்ன வயதிலிருந்தே எங்கள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். "தேடும்போது மேலேருந்து மறுபடி பனி வந்தா, முதல்ல பீப்பரை அனுப்புற நிலைக்குத் திருப்பு. தேடுறவன் புதைஞ்சா அவனை எவன் தேடுவான்?"

அப்படிப்பட்டவருடைய மகன் பீப்பரைப் போட மறந்து செத்தான். "திரையில ஒண்ணுமே காட்டலை" என்று செவெரின் மீட்புக் குழுவிடம் அழுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அப்பா மீட்புக் குழுவின் அறைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். சுவரில் இருந்த ஸேனோவின் படத்தைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு வந்து பெட்டியில் போட்டார். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். சவப்பெட்டிமேல் மண் போடும்போது "சோம்பேறி" என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

வருடம் திரும்பியதும், அந்த மேட்டில் ஒருதரம் இறங்கிவிட்டு வேனை விற்றுவிடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். செவெரினுக்கு விருப்பமே இல்லை.

"வேற மலையே இல்லையா உனக்கு?"

"எனக்கு இந்த மலையோடதான் பேச்சு பாக்கி இருக்கு" என்றேன்.

கணப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் காலுறை நாற்றமும் புகைபோட்ட இறைச்சி வாசனையும் கலந்து வேனுக்குள் மூச்சுமுட்டியது. தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். மேகம் சுங்கச்சாவடிக் கூரைவரை இறங்கியிருந்தது.

கிளம்புமுன் பீப்பர் சோதனை. ஒருவர் தேடும் நிலையில் வாசல்போல நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோக வேண்டும். நான் வாசலாக நின்றேன். கோர்பி கடந்தான். செவெரின் கடந்தான். திரையில் இரண்டு ஆள் உருவம் தெரிய வேண்டும்.

மூன்று தெரிந்தது.

"எவன்டா ரெண்டு பீப்பர் கட்டியிருக்கிறது?" என்றேன்.

"ஒண்ணு கட்டவே சோம்பல்" என்றான் கோர்பி. சொல்லிவிட்டு, யாருடைய தங்கையிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஸேனோவின் பீப்பர் வேனில்தான் இருந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அணைந்துதான் கிடந்தது. உள்ளே பேட்டரியே இல்லை.

"கணப்பா இருக்கும்" என்றான் கோர்பி. கணப்பை அணைத்தோம். ஃபோன்களை அணைத்தோம். பிறகு அவர்கள் இருவருடைய பீப்பர்களையும் அணைக்கச் சொன்னேன். இரண்டு உருவம் மறைந்தது. ஒன்று மறையவில்லை. இரண்டு மீட்டர் என்றது. வேனைச் சுற்றி நடந்தேன். எண் கூடியது. திரும்பி வந்தேன், குறைந்தது. செவெரினை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே போனது.

பெட்டியை அவன் தலையிலிருந்து கீழே கொண்டுவந்தேன். மார்பில் பூஜ்யம் புள்ளி ஆறு. வலது மணிக்கட்டில் பூஜ்யம் புள்ளி ஒன்று.

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கடிகாரம்" என்றான். "இந்தப் புதுக் கடிகாரம்தான் ஏதோ பண்ணுது." அவசரமாகக் கழற்றி வேனுக்குள் எறிந்தான். உருவம் மறைந்துவிட்டது. மின்சாரச் சாமான் எல்லாம் பீப்பரைக் குழப்பும் என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கோர்பி சிரித்தான், நானும் சிரித்தேன். கடிகாரம் இருந்த இடத்தில் தோல் நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்தேன். இறுக்கிக் கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

பலகைகளை இரண்டாகப் பிரித்து, அடியில் வழுக்காத ரோமப் பட்டைகளை ஒட்டி ஏறத் தொடங்கினோம். கோர்பி முன்னால், நான் நடுவில், செவெரின் கடைசி. வெள்ளைக்குள் வெள்ளை. முன்னால் போகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. பனியில் பலகை உரசும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

மூன்று பேர் உரசும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதைவிட அதிகமாக இருந்தது.

நின்று திரும்பினேன். செவெரின் மட்டும்தான். அவனும் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பேயறைந்தவன் முகம்.

"யாராச்சும் பின்னாடி வர்றாங்களா?"

"இல்ல" என்றான். பிறகு மெல்ல, "பூர்கி, திரும்பிடலாமா?"

"மேட்டுக்கு வந்தாச்சு. வாயை மூடிட்டு வா."

இன்றைக்கும் அந்த வாக்கியம் என் தொண்டையில் நிற்கிறது.

உச்சியில் மேகம் சற்றே விலகியது. கீழே, மேட்டின் நடுவில், மின்னல் பிளந்த லார்ச் மரம் தெரிந்தது. ஸேனோ கிடைத்தது அதன் அடியில். பலகைகளைச் சேர்த்துப் பூட்டிக்கொண்டோம். கோர்பி முதலில் இறங்கினான். நான்கு வளைவு வளைந்திருப்பான். கைகளை விரித்து ஏதோ கத்தினான், சந்தோஷத்தில்.

மேட்டுக்குள்ளிருந்து 'வும்' என்று ஒரு சத்தம்.

அவனுக்கு மேலே பனியில் ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே இருந்த மேடு முழுவதும் தகடு தகடாக உடைந்து புறப்பட்டது. கோர்பி ஒருதரம் மேலே வந்தான். அவன் பலகை வானத்தைப் பார்த்துத் திரும்பியது. அப்புறம் பனித்தூள்தான்.

பதினைந்து நிமிடம். அதற்குள் எடுத்தால் பிழைப்பான். அதற்குமேல் பிழைத்தவர்கள் குறைவு.

இருவரும் பீப்பரைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, உடைந்த கட்டிகள்மேல் விழுந்தடித்து இறங்கினோம். திரையில் இரண்டு ஆள். ஒன்று பதினெட்டு மீட்டர், லார்ச் மரத்தின் பக்கம். இன்னொன்று நாற்பத்தொன்று, கீழே.

"உன்னோடதை மாத்தினியா?" என்று கத்தினேன். அவசரத்தில் யாரும் செய்யும் தவறு அது. தேடுகிறவனே அனுப்பிக்கொண்டிருப்பான். செவெரின் தன் திரையைத் திருப்பிக் காட்டினான். தேடும் நிலைதான். அதிலும் இரண்டு ஆள்.

கிட்டே இருப்பதை முதலில் தோண்டு என்பது விதி. லார்ச் பக்கம் ஓடினேன். பின்னாலிருந்து என் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தான்.

"அதை விடு! கீழ போ, கீழதான் கோர்பி!"

"உனக்கெப்படித் தெரியும்? விடுடா!"

உதறிக்கொண்டு ஓடினேன். மண்வாரியின் பிடியால் என் வாயில் அடித்தான். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. பனியில் ரத்தம் சொட்டியது. ஏழு வருடத்தில் என்மேல் கை ஓங்காத மனிதன்.

"அது கோர்பி இல்லடி!" என்று அலறினான். "அன்னிக்கும் இப்படித்தான் காட்டுச்சு! இதே மரம், இதே பதினெட்டு மீட்டர்!"

நான் எழுந்தேன்.

"காட்டுச்சா?"

அவன் மண்வாரியைக் கீழே இறக்கினான்.

"திரையில ஒண்ணுமே காட்டலைன்னு சொன்னே."

"முதல்ல கோர்பி. பூர்கி, உன் கால்ல விழறேன், முதல்ல என் தம்பி. ஒருத்தனால தோண்ட முடியாது."

தோண்ட முடியாதுதான். ஓடினோம். ஓடும்போதே அவன் எல்லாவற்றையும் கொட்டினான். நான் கேட்கவில்லை, அவனால் நிறுத்த முடியவில்லை. ஸேனோவின் பீப்பர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஏழு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். மார்புவரை தோண்டியும்விட்டான். ஸேனோ கண்ணைத் திறந்து, வந்துட்டியா என்று கேட்டான். அப்போது மேலே 'வும்' என்று சத்தம். ஓடப் பார்த்தான். ஸேனோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"அடிச்சேன்" என்றான். "கையை மண்வாரியால அடிச்சேன். விடுறவரைக்கும்."

"பனி வந்துச்சா?"

"வரல. சாயங்காலம் வரைக்கும் வரவேயில்ல."

சாயங்காலம் திரும்பிப் போனபோது ஸேனோ குளிரில் விறைத்துச் செத்திருந்தான். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று யாராவது கேட்பார்களே. பீப்பரை அணைத்து, பனியைத் திரும்பத் தள்ளி மூடிவிட்டு, அழுதுகொண்டே கீழே வந்தான்.

இதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தேடுகோலைப் பனியில் குத்திக்கொண்டிருந்தேன். என் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. நான்காவது குத்தில் கோல் மெத்தென்று எதிலோ நின்றது. தோண்டினோம். என் வாயிலிருந்து ரத்தம் மண்வாரியில் வழிந்தது. பதினோராவது நிமிடத்தில் கோர்பியின் தலை தெரிந்தது. முகம் நீலம். வாயிலிருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தேன். இருமினான்.

இருமினான்! அந்தச் சத்தத்துக்காக நான் இந்த உலகத்தில் எதையும் கொடுத்திருப்பேன். செவெரின் தேம்பினான். மார்புவரை விடுவித்தோம். கோர்பியின் வலது கை வெளியே வந்தது, துழாவியது, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

மேலே, மேகத்துக்குள், 'வும்' என்றது.

செவெரின் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, அது தம்பியைப் பார்க்கும் முகம் அல்ல.

"விடு ஸேனோ" என்றான் மெதுவாக.

"செவெரின், அது கோர்பி!"

"விடு ஸேனோ! விடு!"

மண்வாரியின் விளிம்பு இறங்கியது. கோர்பி அலறினான். இரண்டாவது முறையும் இறங்கியது. எலும்பு உடையும் சத்தம் காய்ந்த சுள்ளி முறிவதுபோலக் கேட்டது. மூன்றாவது முறை ஓங்கும்போது என் மண்வாரியை அவன் விலாவில் முழு பலத்தோடு வீசினேன். உள்ளே ஏதோ உடைந்ததை என் கைகள் உணர்ந்தன. கோர்பியின் பிடி விட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. மார்பிலிருந்த பீப்பரைத் தொடவும் இல்லை.

இந்தத் தடவை பனி வந்தது.

கோர்பியின் முகத்தின்மேல் கவிழ்ந்து படுத்தேன். ஓரம் மட்டும்தான் எங்களைத் தொட்டது. இடுப்புவரை மூடிவிட்டு, பெரிய பங்கு எங்களுக்கு இடப்பக்கமாக முழங்கிக்கொண்டு போனது. போன திசையில் செவெரின் இருந்தான்.

அமைதியான பிறகு என்னை விடுவித்துக்கொண்டேன். கோர்பி அரை மயக்கத்தில் முனகினான். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவன் பீப்பரை அணைத்தேன், தேடும்போது குழப்பக் கூடாது என்பதற்காக. என்னுடையது இன்னும் தேடும் நிலையில் இருந்தது. செவெரினுடையதும் அதே நிலையில்தான். அவன் அனுப்பவில்லை. திரை காலியாக இருக்க வேண்டும்.

ஒரு ஆள் தெரிந்தது.

லார்ச் மரத்தின் பக்கம் இருந்தது இப்போது அங்கே இல்லை. முப்பது மீட்டர். நான் அசையாமல் நின்றேன். எண் தானாகக் குறைந்தது. இருபத்தாறு. இருபத்திரண்டு. பனிக்கு அடியில் யாரோ நடந்து வருகிறார்கள். இருபதில் நின்றது.

அந்த இடத்துக்குப் போனேன். பூஜ்யம் புள்ளி ஒன்பது. அங்கே பனி மற்ற இடத்தைப் போலவே இருந்தது. செவெரினை என் அண்ணன் பிடித்துவைத்திருக்கிறான் என்று புரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன்.

நேரம் ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. தேடுகோலை இறக்கினேன். முதல் குத்திலேயே மெத்தென்று நின்றது.

கீழிருந்து கோலை யாரோ பிடித்தார்கள்.

இழுத்தார்கள். ஒருதரம். இன்னொருதரம்.

உயிரோடு இருந்தான். விரல் அசைக்கும் அளவுக்கு உணர்வோடு இருந்தான். என் கையில் மண்வாரி இருந்தது. சவப்பெட்டிமேல் நான் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. அப்பா படத்தைக் கழற்றிய ஆணி ஞாபகம் வந்தது. வந்துட்டியா என்று கேட்டானாம் என் ஸேனோ.

கோலை உருவினேன். துண்டு துண்டாக மடித்துப் பைக்குள் வைத்தேன். பிறகு பீப்பரை அணைத்தேன்.

கோர்பியிடம் திரும்பி வந்து இடுப்புவரை தோண்டி எடுத்தேன். அவன் கையை என் கழுத்துத் துணியால் கட்டினேன்.

"அண்ணன் எங்க?" என்றான் முனகலாக.

"காட்டலை" என்றேன். "திரையில ஒண்ணுமே காட்டலை."

செவெரினை மே மாதம் எடுத்தார்கள். பீப்பர் தேடும் நிலையிலேயே இருந்தது, பேட்டரி செத்து. வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. பனிச்சரிவு நொறுக்கியது என்று அதே டாக்டர் எழுதினார். ஸேனோவின் பீப்பர் பற்றிய உண்மையை அப்பாவிடம் சொன்னேன், ஊருக்கும் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து, படத்தைத் துடைத்து, மீட்புக் குழுவின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். மற்றதை யாருக்கும் சொல்லவில்லை.

வேனை நான் விற்கவில்லை. இந்த டிசம்பரில் கோர்பிதான் கேட்டான், மலைக்குப் போகலாமா என்று. அவனுக்கு இரண்டு விரல் மடங்காது. பலகையில் நிற்க விரல் எதுக்கு என்றான். வேறு பள்ளத்தாக்கு, வேறு மலை. நல்ல வெயில். வேன் அலமாரிக் கதவுகள் வழியெல்லாம் அடித்துக்கொண்டே வந்தன.

சோதனைக்குக் கோர்பி வாசலாக நின்றான். நான் கடந்தேன். ரொட்டியை மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"ரெண்டு காட்டுது" என்றான். "உன்னோடதை அணை."

அணைத்தேன். அவன் பெட்டியை என் தோளிலிருந்து கீழே கொண்டுவந்தான். மார்பு. முழங்கை. வலது கையில் வந்து நின்றது. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"கடிகாரத்தைக் கழட்டு பூர்கி."

நான் கையுறையை உருவிக் கையை நீட்டினேன். கம்பிவட வேலை செய்கிறவர்கள் கடிகாரம் கட்டுவதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

இழுத்தார்கள். ஒருதரம். இன்னொருதரம்.